சுவரில் ஒரு செல்பேசி



தொடக்கப் பள்ளி வகுப்பறையை அழகு செய்வது பல்கலைக்கழக மாணவன் எழுதத்தக்க பொருளா என்று சிலர் கேட்கக்கூடும். சென்ற கோடை வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். வண்ணத்தாளும் பசையும் கத்தரிக்கோலும் ஆசிரியர்களின் வேலை. நமக்கு நூலகமும் ஆய்வுக்கூடமும் போதும் என்பது என் நினைப்பு. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி அந்த நினைப்பை மாற்றிவிட்டது. அதைச் சொல்லி, அதிலிருந்து நாம் கற்க வேண்டியதையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் ஊர் கோலார் தங்கவயல். என் பாட்டனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். 1880 முதல் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் தந்த அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் எங்கள் ஊராரில் ஆயிரக்கணக்கானோருக்கு இரயிலே வாழ்வாயிற்று. மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டி சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகும். விடியுமுன் போனவர்கள் இருட்டிய பின்பே வீடு திரும்புவார்கள்.

எங்கள் தெருவில் ஓர் ஆசிரியை இருக்கிறார். தமிழ் கற்பிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துபவர். நான் அவரை அக்கா என்றே அழைப்பேன். பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த வருஷம் வகுப்பையே ஒரு பெரிய செல்போன் மாதிரி மாத்திடலாம்னு இருக்கேன். பிள்ளைங்களுக்கு அதுதான் பிடிக்குது. கூட வந்து ஒத்தாசை பண்ணு."

போனேன். எதிர்ச்சுவரில் கறுப்பு அட்டையால் ஆளுயரச் சட்டம் ஒன்று அமைத்தோம். அதுவே செல்பேசியின் திரை. அதற்குள் வரிசை வரிசையாகச் சிறு கட்டங்கள். ஓவிய மூலைக்கு நிழற்படக் கருவியின் படம். கணக்கு மூலைக்குக் கணக்கிடும் பொறியின் படம். பிறந்தநாள் பட்டியலுக்கு நாட்காட்டி. வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களுக்குத் தொலைபேசிப் புத்தகத்தின் படம். கடையில் விற்கும் பளபளப்பான ஒட்டுப்படங்கள் பலவும் வாங்கினோம். வேலை முடிந்தபோது அறை கண்ணைப் பறித்தது.

முதல் நாள் பிள்ளைகள் துள்ளினார்கள். ஓடிப்போய்க் கட்டங்களை விரலால் அழுத்தினார்கள். ஒன்றும் நிகழவில்லை. "அமுக்கினா ஒண்ணும் வரல, அண்ணா" என்றான் ஒருவன். இரண்டாம் வாரம் அந்தச் சுவரை ஏறிட்டுப் பார்ப்பார் இல்லை. தெருவில் தொங்கும் விளம்பரத் தட்டியை நாம் எப்படிப் பார்க்காமலே கடந்து போகிறோமோ, அப்படியே அவர்களும் கடந்து போனார்கள்.

ஒரு நாள் அக்கா பிள்ளைகளிடம், "வீட்டில் செல்பேசியை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள்? நான்கு வரி எழுதுங்கள்" என்றார். எல்லாரும் எழுதினார்கள். ஒருத்தி மட்டும் வெறும் பலகையோடு உட்கார்ந்திருந்தாள். கேட்டபோது சொன்னாள்:

"எங்க வீட்டுல ஒரே போனுதான் டீச்சர். அப்பா அதை எடுத்துக்கிட்டு அஞ்சு மணி வண்டிக்குப் போயிடுவாரு. ராத்திரி அவரு வர்றப்போ நான் தூங்கிடுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. 2020-இல் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் செல்பேசி வழியே வந்தன. அப்போது இவள் போன்றோர் வீட்டில் பாடம் எத்தனை மணிக்கு வந்திருக்கும்? யார் கையில் இருக்கும் கருவியோடு வந்திருக்கும்? நாங்கள் 'எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்தது' என்று எண்ணிச் சுவரில் மாட்டியது, இவளுக்கு இல்லாத ஒரு பொருளின் படம். நாள்தோறும் அது அவள் எதிரே நின்று, 'உன்னிடம் நான் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவளை வெறுங்கையோடு விட அக்காவுக்கு மனம் வரவில்லை. தம் கைப்பையிலிருந்து பழைய சிம் அட்டை ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த மஞ்சள் என்ன டீச்சர்? தங்கமா?"

வகுப்பு சிரித்தது. அக்கா என்னைப் பார்த்தார். வேதியியல் பயிலும் நானோ உடனே விடை சொல்ல முடியாமல் நின்றேன்! தங்கவயலில் பிறந்தவன், தங்கம் தோண்டியவரின் பேரன், சட்டைப் பையில் செல்பேசி வைத்திருப்பவன். அப்படியிருந்தும் இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அன்றிரவே நூல்களைப் புரட்டினேன். அந்தச் சிறுமி கேட்டது சரியே. அந்த மஞ்சள் தகட்டின் மேல் இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த கனம். ஏன் தங்கம்? செம்பு மின்சாரத்தைத் தங்கத்தைவிட நன்றாகவே கடத்தும், விலையும் குறைவு. ஆனால் காற்றும் ஈரமும் பட்டால் செம்பின் மேற்பரப்பு கறுக்கும். நாளடைவில் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய முனையில் மின்னோட்டம் தடைப்படும். தங்கம் காற்றோடும் நீரோடும் கூடுவதில்லை. பாட்டியின் மூக்குத்தி எழுபது ஆண்டு வியர்வையிலும் கறுக்காமல் இருப்பது எதனாலோ, அதனாலேயே செல்பேசியின் இணைப்பு முனைகளிலும் தங்கம் இடம் பெறுகிறது.

எவ்வளவு தங்கம்? அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாளைய செல்பேசி ஒன்றில் சராசரியாக 16 கிராம் செம்பும், 0.35 கிராம் வெள்ளியும், 0.034 கிராம் தங்கமும் இருந்தன. ஏறக்குறைய முப்பது கருவிகள் சேர்ந்தால் ஒரு கிராம் தங்கம். 235 கருவிகள் சேர்ந்தால் ஒரு பவுன்.

மறுநாள் இதை அக்காவிடம் சொன்னேன். இருவரும் சேர்ந்து சுவரைத் திருத்த முடிவு செய்தோம். கறுப்புச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டோம். உள்ளே இருந்த ஒட்டுப்படங்களை எடுத்துவிட்டு, நான்கு பகுதிகள் அமைத்தோம்.

முதற்பகுதி, செல்பேசியின் உள்ளே என்ன இருக்கிறது என்பது. மின்சுற்றுப் பலகையின் படத்தைப் பெரிதாக வரைந்து, தங்கம், வெள்ளி, செம்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் கட்டி, நூலின் மறுமுனையில் அவ்வுலோகம் வீட்டில் வேறெங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளையே எழுதச் செய்தோம். மூக்குத்தி, கொலுசு, மின்கம்பி, செம்புக் குடம் என்று எழுதினார்கள். பழைய சிம் அட்டைகளை மட்டும் கையில் கொடுத்தோம். எந்தக் கருவியையும் அவர்கள் எதிரே உடைக்கவில்லை. மின்கலம் நசுங்கினால் தீப்பற்றும்.

இரண்டாம் பகுதி, பாறை. எங்கள் சுரங்கங்களில் தொடக்கக் காலத்தில் தங்கம் மிகுதியாகக் கிடைத்தது. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. டன்னுக்கு நான்கு கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு செல்பேசியின் 0.034 கிராம் தங்கத்துக்கு எட்டரைக் கிலோ பாறையை உடைக்க வேண்டும். பிள்ளைகள் சாலையோரத்துக் கற்களைப் பொறுக்கிவந்தார்கள். மளிகைக் கடைத் தராசில் எட்டரைக் கிலோ நிறுத்து, கோணிப்பையில் கட்டி, சுவரடியில் வைத்தோம். ஒவ்வொருவராக வந்து தூக்கிப் பார்த்தார்கள். "இவ்வளவு கல்லுக்கு இத்துனூண்டு தங்கமா!" என்றார்கள். அன்று வகுப்புக்கு வந்திருந்த என் பாட்டனார், "கல்லு மேலேயா கிடந்துச்சு கண்ணு?" என்று தொடங்கினார். சாம்பியன் ரீஃப் மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமானது. அடியில் பாறையைத் தொட முடியாத வெப்பம். எதிர்பாராத வேளையில் பாறை தானே வெடித்துச் சிதறும். அவர் சொல்லச் சொல்ல, முன்பு சுவரை ஏறிட்டும் பாராத பிள்ளைகள் கோணிப்பையையும் அவர் கைகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்றைய செல்பேசியில் இருப்பது எங்கள் ஊர்த் தங்கம் என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊர்ப் பெருமைக்காகப் பொய் புகட்டுவது கல்வி ஆகாது. இவ்வகைக் கருவிகள் பெருகுமுன்பே எங்கள் சுரங்கம் மூடப்பட்டது. உலகில் எங்கு எடுத்தாலும் தங்கத்துக்குப் பின்னே பாறையும் உழைப்பும் உண்டு என்பதே பாடம்.

மூன்றாம் பகுதி, விளக்கு. புதிய கருவி எங்கள் ஊருக்குப் புதிதன்று. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்டு, காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம், ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி வழியே வந்து 1902-இல் தங்கவயலை அடைந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905-இல்தான். இதை எங்கள் ஊரார் பெருமையோடு சொல்வார்கள், சொல்லத்தக்கதே. ஆயினும் அந்த மின்சாரம் வந்தது பாறையை அரைக்கும் பொறிகளை ஓட்டுவதற்காக. என் பாட்டி தம் சிறுவயதில் லைன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கின் அடியில்தான் எழுத்துக் கற்றார். புதிய கருவி ஊருக்கு வருவது ஒன்று. வீட்டுக்கு வருவது வேறொன்று. செல்பேசி இல்லாத அந்தச் சிறுமிக்கு இது உடனே விளங்கியது. "அப்போ ஆயாவுக்கும் லேட்டாத்தான் வந்துச்சா?" என்று கேட்டாள். தான் ஒருத்தி மட்டும் பின்தங்கியவள் அல்லள் என்று அவள் அறிந்துகொண்ட அந்த நேரத்தை நான் மறக்க முடியாது.

நான்காம் பகுதி, எஞ்சியது. அரைத்த பாறைத் தூளிலிருந்து சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுத்தார்கள். மிஞ்சிய தூள் மேடுகளாக இன்றும் எங்கள் ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றடித்தால் வீடுகளுக்குள் வருகிறது. தூக்கி எறிந்த செல்பேசியும் அப்படிப்பட்ட ஒரு மேடுதான். அதைக் குப்பையில் எரித்தால் நச்சுப்புகை; முறையாகச் சேர்த்தால் மீண்டும் உலோகம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், தாம் செய்த கருவிகளின் கழிவை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் சுமத்தியுள்ளன. மூன்றாம் வகுப்புக்கு இவ்வளவு போதும் என்று நிறுத்திக்கொண்டோம்.

இந்த முயற்சிக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. கருநாடகத்தில் 1995-இல் எக்கடதேவன கோட்டை வட்டாரத்தில் தொடங்கிய 'நலி கலி' முறையும், தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் அனுபவத்திலிருந்து கிளைத்தவை. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ந்த கரும்பலகை. அவர்கள் எழுதியதையும் வரைந்ததையும் தொங்கவிட மேலே கம்பிப் பந்தல். இவை அவ்வகுப்பறைகளின் அணிகலன்கள். சுவர் பெரியவர்களின் கண்ணுக்காக அன்று, பிள்ளைகளின் கைக்காக என்பதே அவற்றின் அடிப்படை. எங்கள் முதற்சுவரில் நாங்கள் மறந்தது அதைத்தான்.

விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பள்ளிப் பணி செய்ய விரும்பும் தோழர்களுக்கு, என் சிறு அனுபவத்திலிருந்து சில சொல்வேன்.

ஒன்று: புதிய பொருளைக் கருவாகக் கொள்வதில் பிழையில்லை, பிள்ளைகளின் ஆர்வம் அங்கே இருக்கிறது. ஆனால் அந்தப் பொருள் எல்லார் வீட்டிலும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாத பிள்ளையும் பங்கு கொள்ளும்படி பாடத்தை அமையுங்கள்.

இரண்டு: பொருளின் முகத்தை மட்டும் ஒட்டாதீர்கள், உள்ளே இருப்பதைக் காட்டுங்கள். முகத்தைக் கடைக்காரரே காட்டிவிடுவார்.

மூன்று: கையால் தொட, தூக்க, நிறுக்க ஒன்றாவது இருக்கட்டும். எங்கள் கோணிப்பைக்குச் செலவு ஏதுமில்லை. எல்லா ஒட்டுப்படங்களையும்விட அதுவே நெடுநாள் பயன்பட்டது.

நான்கு: ஊரின் முதியவர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். அவர் அறிந்தது பாடநூலில் இல்லை. அவருக்குப் பின் யாரிடமும் இராது.

ஐந்து: சுவரில் பாதியை வெறுமையாக விடுங்கள். மீதியைப் பிள்ளைகள் நிரப்புவார்கள்.

கடைசியாகச் சொன்னதை நாங்களும் செய்தோம். கறுப்புச் சட்டத்துக்குள் பாதிக் கட்டங்களை வெறுமையாக விட்டு, "உங்கள் ஊருக்கு ஒரு செல்பேசி செய்தால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்?" என்று கேட்டோம். தண்ணீர்க் குழாய், தேர், தாத்தாவின் தலைவிளக்கு, சயனைடு மேடு எனக் கட்டங்கள் நிரம்பின. அந்தச் சிறுமி ஒரு இரயிலை வரைந்தாள். அதன் கீழே, தன் கையெழுத்தில், "அப்பா வண்டி" என்று எழுதினாள்.

நான் புறப்படும் நாளில் அக்கா சொன்னார்: "இப்ப யாரும் சுவரை அமுக்கிப் பார்க்கிறதில்ல தம்பி. அதுக்கு முன்னால நின்னு பேசிக்கிட்டிருக்காங்க."

வரும் விடுமுறையில் உங்கள் ஊர்ப் பள்ளிச் சுவர் ஒன்றும் உங்களுக்காகக் காத்திருக்கும், தோழர்களே. வண்ணத்தாள் வாங்குமுன், அங்குள்ள பிள்ளை ஒன்றின் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.