கோடுகளில் எஞ்சிய உடைகள்

நுழையும்முன்

உடை, அதனை அணிந்தவரின் செல்வத்தையும் சமூக நிலையையும் காலத்தின் சுவையையும் ஒருங்கே உணர்த்துவது. துணி விரைவில் மட்கும். அதன் உருவமோ கல்லிலும் வண்ணத்திலும் தாளிலும் நெடுங்காலம் நிற்கும். இடைக்காலப் பிரான்சு நாட்டு ஆடவர் உடையைப் பழைய உருவ அச்சுப்படங்களின்வழி அறியும் முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நெடிய அங்கியும் குறுஞ்சட்டையும்

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆடவர் தளர்ந்து தொங்கும் நீண்ட அங்கிகளையே அணிந்தனர். அந்நூற்றாண்டின் இடைப்பகுதியில் இவ்வழக்கம் மாறியது. பஞ்சு பொதிந்து தைக்கப்பட்டு, மார்பில் புடைத்து இடையில் ஒடுங்கிய 'புர்ப்புவான்' என்னும் குறுஞ்சட்டை உயர்குடியினரிடையே பரவியது. கால்களைத் தனித்தனியே கவ்விய நீள்காலுறைகள் நாடாக்களால் அதனோடு பிணைக்கப்பட்டன. இப்புதுமையைப் பலர் வெறுத்தனர். 1346ஆம் ஆண்டு கிரெசிப் போரில் பிரான்சு தோற்றதற்கு, நாணமற்ற குறுகிய உடையையும் ஒரு காரணமாக அந்நாட்டு வரலாற்றேடு பழித்துரைத்தது.

தெரிந்து தெளிவோம்

1294இல் மன்னர் நான்காம் பிலிப் பிறப்பித்த ஆணை, எர்மின் முதலிய உயர்ந்த மென்மயிர்த்தோல்களை நகர வணிகர் அணிவதைத் தடுத்தது. 1368இல் ஐந்தாம் சார்லஸ், முனை நீண்டு கூர்ந்த காலணிகளுக்குத் தடை விதித்தார்.

காத்த கைகள்

பிரான்சுவா ரோழே தெ கேன்யேர் (1642–1715) என்னும் சேகரிப்பாளர், லூயி பூதான் என்னும் ஓவியருடன் ஊர்தோறும் சென்று, கல்லறைச் சிற்பங்களையும் தேவாலயக் கண்ணாடி ஓவியங்களையும் படியெடுக்கச் செய்தார். அப்படிகள் பலவற்றைத் துணையாகக் கொண்டு, பெர்னார் தெ மோன்ஃபோக்கோன் என்னும் துறவி 1729 முதல் 1733 வரை ஐந்து தொகுதிகளை வெளியிட்டார். அவற்றில் மன்னர்களும் பிரபுக்களும் செப்புத்தகட்டு அச்சுப்படங்களாக இடம்பெற்றனர். பின்னர்ப் பிரெஞ்சுப் புரட்சியின்போது கல்லறைகள் பல சிதைக்கப்பட்டன. மூலம் அழிந்தபின் படியே சான்றாயிற்று.

சான்றை ஆராய்தல்

எனினும் அச்சுப்படத்தை அப்படியே நம்புதல் தகாது. மன்னர் ஏழாம் சார்லசை ழான் ஃபூக்கே வரைந்த ஓவியம் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் மென்மயிர் விளிம்பிட்ட செந்நிற அங்கியும், பொன்னிறக் கோடுகள் வளைந்தோடும் அகன்ற விளிம்புத் தொப்பியும் காணப்படுகின்றன. கருப்பு மையால் அச்சிடும் படத்திலோ செந்நிறமும் பொன்னிறமும் வெறும் கோடுகளாகிவிடும். மேலும், இடைக்காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய செதுக்குநர் தம் காலச் சுவைக்கேற்ப மடிப்பையும் தோற்றத்தையும் மாற்றியிருக்கவும் கூடும்.

ஆகவே, கிடைத்துள்ள உண்மை உடைகளோடு படத்தை ஒப்பிடுதல் இன்றியமையாதது. 1364இல் போரில் இறந்த சார்லஸ் தெ புளுவா அணிந்ததாகக் கருதப்படும் குறுஞ்சட்டை, லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது. பொன்னிழை கலந்த பட்டில் சிங்கமும் கழுகும் நெய்யப்பட்டுள்ளன; முன்புறத்திலும் கைகளிலும் பொத்தான்கள் நெருங்கி நிற்கின்றன. கை தடையின்றி அசையும் வண்ணம் தோளில் அகன்று வெட்டப்பட்ட துணியைப் படம் காட்டாது, சட்டையே காட்டும். அச்சட்டை எவ்வாறு அணியப்பட்டது, அதனோடு எவை பொருந்தின என்பவற்றைச் சட்டை கூறாது, படமே கூறும். இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்யும்போதே கடந்தகாலத்தின் உண்மை உரு புலப்படுகிறது.