கடனில்லாமல் ஒரு பினாங்குப் பயணம்

ஆண்டு முழுவதும் விடியுமுன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, நிரை நிரையாகப் பால்மரம் சீவும் தொழிலாளிக்கு ஓய்வு என்பது ஆடம்பரம் அன்று. அஃது உடலுக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் பாடம். ஆயினும், விடுமுறைப் பயணம் என்றதும் நம் தோட்டக் குடும்பங்கள் பல, இரண்டில் ஒன்றையே செய்கின்றன. "நமக்கு எதற்கு இதெல்லாம்?" என்று அந்த எண்ணத்தையே விட்டுவிடுவது ஒன்று. பள்ளி விடுமுறை தொடங்கிய பின்னர், அவசர அவசரமாக வட்டிக்குப் பணம் வாங்கிக்கொண்டு புறப்படுவது மற்றொன்று. முன்னது பிள்ளைகளுக்கு இழப்பு. பின்னது குடும்பத்துக்கே இழப்பு.

இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுவே திட்டமிட்ட பயணம். பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவ்வழியை இப்பாடத்தில் காண்போம்.

ஏன் பினாங்கு?

பினாங்கு அழகிய நகரம் என்பது அனைவரும் அறிந்ததே. நமக்கோ அங்குச் செல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழகத்திலிருந்து கப்பலேறிய நம் முன்னோர் பலர் இந்நாட்டு மண்ணை முதன்முதலாக மிதித்தது பினாங்குத் துறைமுகத்தில்தான். நோய்த் தடுப்புக்காக அவர்கள் தங்கவைக்கப்பட்ட ஜெரஜாக் தீவு, பினாங்குப் பாலத்தின் தென்புறத்தில் இன்றும் பசுமையாகக் காட்சி தருகிறது. அங்கிருந்தே அவர்கள் கெடா, பேராக் முதலிய இடங்களின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்குப் பயணச் செலவு கடனாக எழுதப்பட்டு, கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. அந்த ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டில் ஒழிந்தது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938ஆம் ஆண்டில் இந்திய அரசின் தடையால் நின்றது.

கடனோடு வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், அதே கரையில் கடனின்றிச் சென்று இறங்குதல் வேண்டும். இப்பாடத்தின் நோக்கம் அதுவே.

முதற்படி: விடுப்பு

பயணத்துக்கு முதலில் வேண்டுவது பணமன்று, நாள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 8 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் பணியாற்றியவருக்கு 12 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 16 நாளும் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. வார ஓய்வு நாளும் பொது விடுமுறையும் இக்கணக்கில் சேரா. தொழிற்சங்க ஒப்பந்தம் இதனினும் நல்ல விதியைத் தருமாயின் அதுவே பொருந்தும்.

மூன்று செய்திகளை மனத்தில் இருத்துங்கள். ஓராண்டுக்குரிய விடுப்பை அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் எடுக்காவிடில் அவ்வுரிமை போய்விடும். அனுமதியும் தக்க காரணமும் இன்றி, ஆண்டின் வேலை நாள்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வாராதிருப்பவர் அவ்வாண்டின் விடுப்பையே இழப்பர். துண்டுக் கணக்கில் ஊதியம் பெறுவோர்க்கு, விடுப்பு நாள் ஊதியம் முந்திய சம்பளக் காலத்தின் வருவாயை வேலை செய்த நாள்களால் வகுத்துக் கணக்கிடப்படுகிறது. ஆதலின், பால் நன்கு கிடைத்த மாதத்துக்கு அடுத்த மாதத்தில் விடுப்பெடுப்பது இலாபம். இலையுதிர்ந்து பால் வற்றிய மாதத்தின் பின் எடுப்பின் விடுப்பு ஊதியமும் குறையும்.

பள்ளி விடுமுறைப் பட்டியலைப் பார்த்து நாளைக் குறியுங்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே தோட்ட அலுவலகத்தில் எழுத்து வடிவில் விண்ணப்பித்து ஒப்புதல் பெறுங்கள். தைப்பூச நாள்களில் பினாங்கில் அறை கிடைப்பது அரிது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அங்கு மழை மிகுதி.

இரண்டாம்படி: பணம்

கணவன், மனைவி, பாட்டி, இரு பிள்ளைகள் என ஐவர் கொண்ட ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். அவர்கள் மாதம் 60 ரிங்கிட் வீதம் பன்னிரண்டு மாதம் சேமித்தால் 720 ரிங்கிட் சேரும். அதனை இவ்வாறு பங்கிடலாம்:

போக்குவரத்து – 180 ரிங்கிட்
இரண்டு இரவு தங்கல் – 240 ரிங்கிட்
உணவு – 180 ரிங்கிட்
நுழைவுக் கட்டணங்கள் – 50 ரிங்கிட்
அவசரத்துக்கு ஒதுக்கீடு – 70 ரிங்கிட்

இவை கணக்குப் போடும் முறையைக் காட்டும் எடுத்துக்காட்டே. உங்கள் தோட்டம் இருக்கும் தொலைவுக்கும் அந்நாளைய விலைக்கும் ஏற்பத் தொகைகள் மாறும். ஆனால் ஐந்து தலைப்புகளும் மாறா. குறிப்பாக, அவசர ஒதுக்கீட்டில் கைவைத்தல் கூடாது.

இதே 720 ரிங்கிட்டை உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் வாங்கியதாகக் கொள்வோம். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி எனின், வட்டி மட்டுமே மாதம் 72 ரிங்கிட். பன்னிரண்டு மாதத்தில் 864 ரிங்கிட் கட்டிய பிறகும் முதல் 720 ரிங்கிட் அப்படியே நிற்கும். முன்னதாகச் சேமித்தவரோ மாதம் 60 ரிங்கிட்டிலேயே பயணத்தை முடித்துவிடுகிறார். உரிமம் பெற்றவர்கூட, பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் வட்டி பெறுதல் சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும் அறிந்திருங்கள்.

சேமிப்பை அலமாரியில் வைத்திருந்தால் அது நாளொரு தேவைக்குக் கரைந்துவிடும். 1974ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியச் சேமிப்பு வங்கியிலோ, உங்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ தனிக் கணக்கில் போட்டு வருதல் நன்று. சம்பள நாளன்றே போடுங்கள். சிறு துளி பெருவெள்ளம்.

மூன்றாம்படி: வழியும் தங்குமிடமும்

தீவுக்குச் செல்லும் வழிகள் மூன்று. 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் ஒன்று. 2014இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் மற்றொன்று. மூன்றாவது, பட்டர்வொர்த்திலிருந்து செல்லும் பயணப் படகு. பட்டர்வொர்த்தில் இரயில் நிலையம், பேருந்து நிலையம், படகுத்துறை ஆகிய மூன்றும் அருகருகே அமைந்திருப்பதால், குடும்பத்தோடு செல்வோர்க்குப் படகே எளிது, செலவும் குறைவு. கார்களை ஏற்றிச் சென்ற பழைய படகுகள் இப்போது ஓடுவதில்லை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் ஓடும் புதிய படகுகள் பயணிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டுமே ஏற்றுகின்றன.

தங்கும் விடுதியைப் புறப்படுமுன்னரே பதிவு செய்யுங்கள். அறைக்கு எத்தனை பேர் அனுமதி, முன்பணம் எவ்வளவு, நீக்கினால் பணம் திரும்புமா என்னும் மூன்று வினாக்களையும் கேட்டு, விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மலேசியக் குடிமக்கள் சுற்றுலா வரி கட்ட வேண்டியதில்லை. ஆகவே மைகாட் அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். படகுத்துறைக்கு நடந்து செல்லும் தொலைவில் விடுதி அமைந்தால் பேருந்துச் செலவு மிஞ்சும்.

முதல் நாள்: நகர் உலா

படகிலிருந்து இறங்கியதும் விடுதியில் பொருள்களை வைத்துவிட்டு, வெயில் தணிந்தபின் நடக்கப் புறப்படுங்கள். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அவர் காலத்துக் கோட்டையான ஃபோர்ட் கார்ன்வாலிஸ் கடற்கரையில் உள்ளது. அதனை அடுத்த திடலில் அமர்ந்து கடற்காற்று வாங்கக் கட்டணம் ஏதுமில்லை.

அங்கிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குச் செல்லுங்கள். நம் நாட்டின் பல்லின வாழ்வைப் பிள்ளைகளுக்கு விளக்க இதனினும் சிறந்த வகுப்பறை இல்லை. சாலையின் வடகோடியருகே 1818ஆம் ஆண்டில் கட்டப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் நிற்கிறது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பும் அக்கட்டடத்தில் கலந்துள்ளது. சற்றே தள்ளி, சீனர் வழிபடும் குவான் யின் கோயிலில் ஊதுபத்திப் புகை ஓய்வதில்லை. அடுத்துள்ள குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டில் எழுந்த மகா மாரியம்மன் ஆலயம் உள்ளது. அதனைக் கடந்து சென்றால், தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் 1801ஆம் ஆண்டில் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைக் காணலாம். நான்கு சமயத்தார் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அருகருகே வழிபட்டு வரும் இந்நகரை, மலாக்காவுடன் சேர்த்து, 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்தது.

தேவாலயத்தின் அருகில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். அங்குச் சமயப் பணியாற்றிய ஹட்சிங்ஸ் பாதிரியார் முயன்று 1816ஆம் ஆண்டில் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில்தான், இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பும் தொடங்கியது. நம் தமிழ்ப்பள்ளிகளின் இருநூறாம் ஆண்டு 2016இல் கொண்டாடப்பட்டது அதனாலேயே.

இரவு உணவுக்கு நாசி கண்டார் உண்ணலாம். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் காவடி போன்ற தண்டின் இருபுறமும் சோற்றையும் கறியையும் தொங்கவிட்டுச் சுமந்து விற்றதால் அதற்கு அப்பெயர் வந்தது. தட்டில் கறி வகைகளை இடுமுன் விலையைக் கேட்டுக்கொள்வது நல்லது. அருகிலுள்ள லிட்டில் இந்தியாவில் துணி, பாத்திரம் வாங்க விரும்புவோர் அதற்கெனத் தனித்தொகை வைத்திருத்தல் வேண்டும். உணவுப் பணத்தில் புடைவை வாங்குதல் ஆகாது.

இரண்டாம் நாள்: கொடிமலை

படகுத்துறையிலிருந்து 204ஆம் எண் பேருந்து கொடிமலை அடிவாரத்துக்குச் செல்கிறது. பேருந்தில் மீதிச் சில்லறை கிடைக்காது. சரியான தொகையை வைத்திருங்கள். மலையேறும் இரயில் 1923ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. பழைய இரயிலில் நடுவழியில் வண்டி மாற வேண்டியிருந்தது. 2011இல் புதிய இரயில் வந்தபின் ஒரே வண்டியில் உச்சிக்குச் செல்லலாம். மைகாட் உடையோர்க்குக் கட்டணம் குறைவு. பராமரிப்புக்காக இரயில் நிறுத்தப்படும் நாள்களும் உண்டு, முன்கூட்டியே விசாரியுங்கள். விடுமுறைக் காலத்தில் கூட்டம் மிகும். ஆதலின் அதிகாலையிலேயே செல்லுங்கள். விடியுமுன் எழுந்து பழகிய நமக்கு இது கடினமன்று! மலையுச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கம் பக்கமாக இருப்பதைக் காணலாம்.

இறங்கி வரும் வழியில் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி என்னும் பெரிய பௌத்தக் கோயில் உள்ளது. 1890இல் கட்டத் தொடங்கப்பட்ட அதில், 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்த குவான் யின் வெண்கலச் சிலை உண்டு. பிள்ளைகள் கடலில் கால் நனைக்க விரும்பினால், இக்கோயிலை விடுத்து 101ஆம் எண் பேருந்தில் பத்து பெரிங்கி கடற்கரைக்குச் செல்லலாம். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் பாட்டியின் கால் தாங்காது, பயணமும் கசக்கும்.

மூன்றாம் நாள்: தண்ணீர்மலை

காலையில் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயம் செல்லுங்கள். 2012ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட மலைக்கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. மூட்டு வலி உள்ள முதியோர் அடிவாரத்திலேயே வழிபடலாம். அருகில் 1884ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தாவரவியல் தோட்டம் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. மரத்தோடு வாழும் நமக்கு அங்கு மகிழ்ச்சி மிகுதி. ஆனால் குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். அது தடை செய்யப்பட்டது. நண்பகலில் படகுத்துறை திரும்பினால் மாலைக்குள் வீடு சேரலாம்.

பள்ளிவாசலுக்கும் கோயில்களுக்கும் செல்லும்போது தோளும் முழங்காலும் மறையும் உடை அணியுங்கள்; காலணியைக் கழற்றுங்கள்; தொழுகை நேரத்தில் நுழையாதீர்கள். பிறர் வழிபாட்டை மதித்தலே நம் நாட்டு ஒற்றுமையின் அடிப்படை.

குடும்பப் பயிற்சி

இம்மாதச் சம்பள நாளன்று, குடும்பத்தார் அனைவரும் கூடி அமர்ந்து இவற்றுக்கு விடை எழுதுங்கள்:

1. இவ்வாண்டில் நமக்கு எத்தனை நாள் விடுப்பு மீதமுள்ளது? அது என்று காலாவதியாகும்?
2. மாதம் எவ்வளவு சேமிக்க இயலும்? அதற்காக எந்தச் செலவைக் குறைப்போம்?
3. நம் தோட்டத்திலிருந்து பட்டர்வொர்த்துக்கு இரயிலா, பேருந்தா? ஐவர்க்கும் போகவர எவ்வளவு ஆகும்?
4. நம் குடும்பத்தில் முதன்முதலில் இந்நாட்டுக்கு வந்தவர் யார்? எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்?

நான்காம் வினாவுக்கு விடை உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இருக்கும். அதனை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். படகு ஜார்ஜ் டவுனை நெருங்கும்போது, அந்தத் தாளைப் பிள்ளைகளைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்யுங்கள்.