ஓயாத போரும் களைத்துப்போகும் செல்களும்

மாணவர்களே! காலில் முள் தைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சில மணி நேரத்தில் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, தொட்டால் வலிக்கிறது. இந்த நான்கு அறிகுறிகளையும் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியரான செல்சஸ் என்பவர் தம் மருத்துவ நூலில் எழுதி வைத்தார். இதனையே நாம் அழற்சி என்கிறோம்.

அழற்சி என்பது உடலின் தற்காப்பு முறையாகும். முள் தைத்த இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிவடைகின்றன. அதிக இரத்தம் பாய்வதால் சிவப்பும் சூடும் உண்டாகின்றன. குழாய்ச் சுவர்கள் சற்றே நெகிழ்ந்து நீர் வெளியே கசிவதால் வீக்கம் ஏற்படுகிறது. அவ்வழியாக வெள்ளணுக்களும் வெளியேறி, முள்ளோடு நுழைந்த கிருமிகளைச் சூழ்ந்து விழுங்குகின்றன. கிருமிகள் ஒழிந்ததும் வீக்கம் வடிந்து, சில நாட்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன.

ஆனால், கிருமி ஒழியாமல் மாதக்கணக்கில் உடலிலேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? அழற்சியும் ஓயாமல் நீடிக்கும். அப்போது போரிடும் செல்களின் கதி என்ன? நாள்தோறும் போரிட்டுப் பழகியதால் அவை மேலும் வலிமை பெறும் என்றுதான் நீங்கள் எண்ணுவீர்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. இதனை எலிகளைக் கொண்டு செய்த சில சோதனைகள் தெளிவாக்கின.

இரட்டையர் போன்ற இரு வைரஸ்கள்

வீட்டு எலிகளிடம் இயல்பாகக் காணப்படும் ஒரு வைரஸ் உண்டு. அதன் நீண்ட பெயரைச் சுருக்கி எல்.சி.எம்.வி. என்பர். 1930களில் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் ஆம்ஸ்ட்ராங் ஆராய்ந்த வகைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இந்த ஆம்ஸ்ட்ராங் வகையை வளர்ந்த எலிக்குள் செலுத்தினால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் எலியின் உடல் அதனை ஒழித்துவிடும்.

இந்தியாவில் பிறந்த ரஃபி அகமது, மைக்கேல் ஓல்ட்ஸ்டோன் முதலியோர் 1984-ஆம் ஆண்டில் இதன் மாறுபட்ட வகை ஒன்றை விவரித்தனர். அதற்குக் 'குளோன் 13' என்று பெயர். முன்னதற்கும் இதற்கும் மரபுப் பொருளில் மிகச் சில வேறுபாடுகளே உள்ளன. ஆயினும் குளோன் 13 எலியின் உடலில் பரவி, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கிவிடுகிறது. ஒரே இன எலிகள். ஏறக்குறைய ஒரே வைரஸ். ஒன்று குறுகிய போர். மற்றொன்று நெடிய போர். இரண்டையும் ஒப்பிட இதைவிடச் சிறந்த வாய்ப்பு ஏது?

வைரஸ் புகுந்த செல்களைத் தேடிக் கொல்பவை 'டி செல்கள்' எனப்படும் வெள்ளணுக்களுள் ஒரு பிரிவினவாகும். குறிப்பிட்ட ஒரு வைரஸை அடையாளம் காணக்கூடிய டி செல்கள் முதலில் மிகச் சிலவே இருக்கும். தொற்று ஏற்பட்டதும் அவை பெருகி, எட்டே நாட்களில் இலட்சக்கணக்காகின்றன. குறுகிய போரில், வெற்றிக்குப் பிறகு அவற்றுள் பெரும்பாலானவை இறந்துவிடும். எஞ்சிய சில, நினைவுச் செல்களாக நெடுங்காலம் காத்திருக்கும். அதே கிருமி மீண்டும் வந்தால் உடனே பாய்ந்து தாக்குபவை இவைதாம்.

நெடிய போரிலோ இந்த நினைவுச் செல்கள் முறையாக உருவாவதில்லை. 1993-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் இத்தகைய டி செல்கள் களைத்து மறைந்துபோவதைக் கண்டனர். 1998-இல் ரஃபி அகமதுவின் குழுவினர் மற்றொரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். டி செல்களுள் சில மறையாமல் உடலிலேயே இருந்தன. வைரஸை அடையாளமும் கண்டுகொண்டன. ஆனால் வேலை மட்டும் செய்யவில்லை! காவலர் இருந்தும் காவல் இல்லை என்பது போன்ற நிலை.

இந்தச் செயலிழப்பு ஒரே நாளில் நேர்வதில்லை. முதலில் பெருகும் ஆற்றல் குறைகிறது. பிறகு பாதிக்கப்பட்ட செல்களைக் கொல்லும் திறன் குன்றுகிறது. வைரஸை ஒடுக்கும் புரதங்களைச் சுரக்கும் ஆற்றலும் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகிறது. இதனை டி செல்களின் 'களைப்பு நிலை' என்பர்.

களைப்பா? பிரேக்கா?

ஓடிக் களைத்தவனுக்கு உணவும் ஓய்வும் தந்தால் தெம்பு வந்துவிடும். டி செல்லின் களைப்பு அத்தகையதன்று. செல்லின் மேற்புறத்தில் 'பி.டி.1' என்ற ஒரு புரதம் உள்ளது. இதனை 1992-ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தனர். இது மிதிவண்டியின் பிரேக்கைப் போன்றது. பிற செல்களின் மேலுள்ள 'பி.டி.எல்.1' என்ற புரதம் இதனோடு இணையும்போது பிரேக் அழுத்தப்படுகிறது; டி செல்லின் வேகம் தணிகிறது. குறுகிய போரில் பி.டி.1 சில நாட்களே தோன்றிக் குறைந்துவிடும். நெடிய போரில் அது மிகுதியாகத் தோன்றி, அப்படியே நிலைத்துவிடுகிறது.

2006-ஆம் ஆண்டில், குளோன் 13 வைரஸால் நெடுநாள் பாதிக்கப்பட்ட எலிகளுக்கு, பி.டி.எல்.1-ஐ மறைக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்திப் பார்த்தனர். பிரேக் தளர்ந்தது. களைத்த டி செல்கள் மீண்டும் பெருகின. வைரஸின் அளவு குறைந்தது. ஆகவே, அந்தச் செல்கள் செத்துப் போகவில்லை. அடக்கி வைக்கப்பட்டிருந்தன என்பது புலனாயிற்று.

அபாய மணி ஓயாவிட்டால்

சரி, பிரேக்கை அழுத்துவது எது? கிருமி விடாமல் கண்ணில் பட்டுக்கொண்டிருப்பது ஒரு காரணம். ஓயாத அழற்சியும் அதற்குத் துணை போகிறது. வைரஸ் தாக்கியதும் செல்கள் 'இன்டர்ஃபெரான்' என்ற பொருளைச் சுரந்து அபாய மணி அடிக்கின்றன. 1957-இல் பெயரிடப்பட்ட இந்தப் பொருள், வைரஸுக்கு எதிரான முதல் ஆயுதம் என்று போற்றப்பட்டது. அது உண்மையே. ஆனால் மணி ஓயாமல் அடித்தால், பிற செல்களில் பி.டி.எல்.1 பெருகி, டி செல்களின் பிரேக் மேலும் இறுகுகிறது.

2013-ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுக்கள், குளோன் 13 தொற்றிய எலிகளில் இன்டர்ஃபெரானின் செய்தி செல்களுக்கு எட்டாதவாறு தடுத்தன. தொடக்கத்தில் வைரஸ் கூடியது. ஆனால் நாளடைவில், தடுக்கப்படாத எலிகளைவிட விரைவாகவே இந்த எலிகள் வைரஸை ஒழித்தன! முதல் நாளில் காப்பாற்றும் ஒரு பொருளே, நெடுநாள் நீடித்தால் காவலரின் கையைக் கட்டிவிடுகிறது என்பதை இது காட்டுகிறது.

உடல் ஏன் இப்படிச் செய்கிறது?

'போர் முடியுமுன்னே படையை அடக்குவது முட்டாள்தனம் அல்லவா?' என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் 2006-ஆம் ஆண்டுச் சோதனையே விடை தந்தது. பிறவியிலேயே பி.டி.எல்.1 இல்லாத எலிகளுக்கு குளோன் 13-ஐச் செலுத்தினார்கள். அவற்றின் டி செல்களைத் தடுக்க எதுவுமில்லை. அவை வைரஸை வென்றனவா? இல்லை, எலிகள் மாண்டன. எல்.சி.எம்.வி. வைரஸ் தான் புகுந்த செல்லுக்குப் பெரும் தீங்கு செய்வதில்லை. அந்தச் செல்களைக் கொன்று உறுப்புகளைச் சிதைத்தவை எலியின் டி செல்களே! வைரஸ் உடலெங்கும் பரவிவிட்ட பிறகு, அது புகுந்த செல்களையெல்லாம் கொல்வதென்றால் உடலையே அழிப்பதாகும். ஆகவே களைப்பு நிலை என்பது ஒரு சமரசம். வெற்றி இல்லை, ஆயினும் உயிர் தப்புகிறது.

மனிதரிலும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி போன்ற நீடித்த தொற்றுகளிலும், புற்றுநோய்க் கட்டிகளிலும் இத்தகைய களைத்த டி செல்கள் காணப்படுகின்றன. பி.டி.1-ஐத் தடுக்கும் மருந்துகள் 2014-ஆம் ஆண்டு முதல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்துள்ளன. ஹோஞ்சோவும், மற்றொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனும் 2018-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இம்மருந்துகள் நோயாளிகள் சிலருக்குப் பல ஆண்டு வாழ்வை அளித்துள்ளன. எல்லோருக்கும் பலனளிப்பதில்லை. மேலும், பிரேக்கைத் தளர்த்துவதால் சிலருக்குக் குடல், நுரையீரல், தைராய்டு சுரப்பி ஆகியவற்றில் அழற்சி உண்டாகிறது. எலிகள் தந்த எச்சரிக்கையின் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஹெபடைடிஸ் சி வைரஸை இன்று மாத்திரைகளால் முற்றிலும் ஒழிக்க முடிகிறது. அவ்வாறு குணமடைந்தவர்களின் டி செல்களை ஆராய்ந்தபோது, அவை ஓரளவே தேறியிருந்தன. நெடிய போரின் அடையாளம், ஆறிய புண்ணின் தழும்பைப்போல, செல்லின் மரபுப் பொருள் மடிக்கப்பட்டிருக்கும் விதத்தில் பதிந்துவிடுகிறது. வைரஸ் போன பின்பும் அது முழுவதும் மறைவதில்லை.

எனவேதான் நீடிக்கும் தொற்றைக் காலத்தோடு கண்டறிந்து சிகிச்சை பெறுவது இன்றியமையாதது. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் கிருமிக்கு இடம் தருவதோடு, காவல் செல்களின் திறனையும் தேய்க்கிறது. உறுப்புகளுக்கு ஊறு நேராமல் அந்தத் தழும்பை அழித்து, களைத்த செல்லை மீண்டும் நல்ல நினைவுச் செல்லாக மாற்ற முடியுமா? ஆய்வுக்கூடங்கள் இன்று விடை தேடும் கேள்வி இது. உங்களுள் ஒருவர் நாளை அந்த விடையைக் கண்டாலும் வியப்பில்லை.