முதலில் புல்லை அளந்து பாருங்கள்

பட்டாம்பூச்சிகளைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு, புல்வெளியில் முழங்கால் தேய்த்த ஒரு கிழவன் சொல்வது:

1. பறப்பதைப் படம் பிடித்துவிட்டு வீடு திரும்பாதீர்கள். பூச்சியின் ஆயுளில் இறக்கை இருக்கும் நாள் கொஞ்சம்தான். முட்டை எந்தச் செடியில், புழு எங்கே ஒளிகிறது என்று தெரியாதவரை ஒரு புல்லையும் பிடுங்க வேண்டாம்.

2. வேலி போட்டால் வேலை முடிந்தது என்று நம்பாதீர்கள். இங்கிலாந்தில் ‘லார்ஜ் புளூ’ என்ற நீலப் பட்டாம்பூச்சிக்கு அப்படித்தான் செய்தார்கள். பிடித்துப் பெட்டியில் குத்தி வைப்பவர்களைத் தடுக்க வேலி; அதுவே மேய வந்த ஆடுமாடுகளையும் தடுத்தது. 1950களில் மிக்சோமடோசிஸ் என்ற கொள்ளைநோய் முயல்களை வாரிக்கொண்டு போனது. புல் உயர்ந்தது. 1979இல் பூச்சி அந்த நாட்டிலேயே இல்லை.

காரணம் எறும்பு! இந்தப் பட்டாம்பூச்சியின் புழு தைம் செடியின் பூவைத் தின்று சில வாரம் வளர்ந்து, பிறகு தரையில் விழும். மிர்மிகா என்ற சிவப்பெறும்பு, தன் குஞ்சென்று ஏமாந்து கூட்டுக்குத் தூக்கிப் போகும். அங்கே புழு பத்து மாதம் எறும்புக் குஞ்சுகளைத் தின்றே கொழுக்கும். அதிலும் மிர்மிகா சபுலெட்டி என்ற ஓர் இனத்தின் கூட்டில்தான் நன்றாகப் பிழைக்கும். அந்த எறும்புக்கு வெயிலில் சுடும் மண் வேண்டும். புல் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்தால் மண் குளிர்ந்துவிடும். ஆய்வாளர் ஜெரமி தாமஸ் இதைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. 1983இலிருந்து சுவீடன் பூச்சிகளைக் கொண்டுவந்து, மேய்ச்சலையும் திருப்பிக் கொடுத்த பிறகே மீண்டும் பறந்தது.

3. புல்வெளியில் மரம் நடாதீர்கள். இளவயதில் நானும் நட்டவன், இன்றும் உறுத்துகிறது. நீலகிரியில் வெற்றுநிலமென்று நினைத்துச் சீகையும் கற்பூர மரமும் வைத்தார்கள், சோலைப் புல்வெளி துண்டு துண்டாகப் போனது. சீகையை வெட்டினாலும் மண்ணிலுள்ள விதை முளைத்துக்கொண்டே இருக்கும். வருடாவருடம் போய்ப் பிடுங்கத்தான் வேண்டும்.

4. காலியான புல்திட்டைக் கைகழுவாதீர்கள். பின்லாந்தின் ஓலாந்து தீவுகளில் ஆய்வாளர் இல்கா ஹான்ஸ்கியின் குழு சுமார் நாலாயிரம் சிறு புல்திட்டுகளைச் சுற்றி, ஒரு பட்டாம்பூச்சியின் புழுக்கூடுகளை ஆண்டுதோறும் எண்ணியது. எந்த ஆண்டிலும் பெரும்பாலான திட்டுகள் காலி. ஒன்றில் அழியும், பக்கத்திலிருந்து வந்து இன்னொன்றில் குடியேறும். இன்று காலியாகக் கிடப்பதை விற்றுவிட்டால் நாளை வருவது எங்கே இறங்கும்?

5. முழுவதையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள், எரிக்காதீர்கள். பாதியை விட்டுவையுங்கள்.

6. அரிய பூச்சி கண்ட இடத்தை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம்.

என்னுடன் வர நினைப்பவர்கள் வலையை வீட்டில் வைத்துவிட்டு ஓர் அடிக்கோலும் நோட்டும் கொண்டுவாருங்கள். மண் படலாம் என்ற பழைய பேன்ட் போதும்.