பழைய கிரிக்கெட் அட்டைக்கு விலை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: என் தாத்தா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணியில் சரக்கு ஏற்றிப் போய் வந்தவர். அவருடைய சிகரெட் தகர டப்பாவில் ‘ஜான் பிளேயர்’ கம்பெனியின் 1938-ஆம் ஆண்டு கிரிக்கெட் அட்டைகள் கிடைத்தன. நான் பள்ளியில் படித்தபோது ‘பிக் ஃபன்’ பபிள்கம்மில் வந்த கிரிக்கெட் படங்களும் கொஞ்சம் இருக்கின்றன. தாத்தாவின் அட்டைகள் 80 வருஷத்துக்கு மேல் பழையவை, லட்சக்கணக்கில் போகும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா? அவற்றில் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது ஏன்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அருமையான இரண்டு கேள்விகள். இரண்டாவதற்கான விடையில் முதலாவதற்கான விடையும் பாதி இருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

பழைய பொருள் என்றால் விலை கூடும் என்ற நம்பிக்கையை முதலில் ஒதுக்கிவைத்துவிடுங்கள். 1938-இல் பிளேயர் கம்பெனி வெளியிட்ட வரிசையில் மொத்தம் 50 அட்டைகள். பிராட்மனும் அதில் உண்டு. ஆனாலும் இன்று முழு வரிசையே சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். 1980-களின் கடைசியில் வந்த அமெரிக்க பேஸ்பால் அட்டைகளின் நிலையும் இதுதான். விலை ஏறும் என்று நம்பி ஆளுக்கொரு பெட்டி பத்திரப்படுத்தினார்கள். எல்லோரிடமும் இருப்பதால் இன்று கேட்பாரில்லை.

அப்படியானால் விலையை எது தீர்மானிக்கிறது? அச்சடித்தவற்றில் எத்தனை பிழைத்தன, எந்த நிலையில் பிழைத்தன, அவற்றைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்ற மூன்றும்தான்.

முதலாவது, பிழைத்த எண்ணிக்கை. சிகரெட் பாக்கெட் மெல்லிய காகிதமாக இருந்த காலத்தில், உள்ளே இருப்பது நசுங்காமல் இருக்க ஒரு வெற்று அட்டையைச் செருகினார்கள். அதில் படம் அச்சிட்டு வரிசை எண்ணும் போட்டால், வரிசையை முடிக்க ஆசைப்பட்டு அதே சிகரெட்டைத் திரும்ப வாங்குவார்கள் என்பது பிறகு வந்த யோசனை. ‘வில்ஸ்’ கம்பெனியின் 1896-ஆம் ஆண்டு கிரிக்கெட் வரிசையில் நம் ரஞ்சித்சிங்ஜியும் இருக்கிறார். 1930-களுக்குள் இது பெரிய பழக்கமாகி, லட்சக்கணக்கில் அச்சாகி, ஆல்பங்களில் சேமிக்கப்பட்டது. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் 1940-இல் பிரிட்டனில் நின்றுபோனது. தாத்தாவின் அட்டைகள் அந்தப் பெருவெள்ளத்தின் கடைசி அலை.

இதற்கு நேர் எதிரானது 1952-இல் அமெரிக்காவின் ‘டாப்ஸ்’ கம்பெனி வெளியிட்ட மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை. விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960-இல் படகில் ஏற்றி அட்லான்டிக் கடலில் கொட்டிவிட்டார்கள். தப்பியவற்றுள் ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது.

இரண்டாவது, நிலை. ஏலம் போன அந்த அட்டை பத்துக்கு 9.5 மதிப்பெண் பெற்றது. இப்படி மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் போடுவதை ‘கிரேடிங்’ என்கிறார்கள். அதே அட்டை மடங்கிக் கிழிந்திருந்தால் நூற்றில் ஒரு பங்கு விலைகூட வராது. உங்கள் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. முத்துக் குளிப்பு நடந்த நாளில், துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து அளவு பிரித்து, உருட்சியும் ஒளியும் பார்த்துத்தான் ஆணிமுத்தைத் தனியே எடுத்து வைத்தார்கள். சிப்பியின் வயதை யாரும் கேட்கவில்லை.

இனி, ஒட்டிக்கொண்ட கதை. அந்த அட்டைகளின் பின்புறம் ஏற்கெனவே பசை தடவியது. நனைத்து ஆல்பத்தில் ஒட்டுவதற்காகச் செய்த வசதி அது. உங்கள் கடற்காற்றின் ஈரமே நனைக்கும் வேலையைச் செய்துவிட்டது. காற்றில் வரும் உப்புத் துகள் படிந்த இடமெல்லாம் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். தகர டப்பா துருப்பிடித்தால் கறை அட்டையில் இறங்கும். ஈரக் காகிதத்தில் ‘ஃபாக்ஸிங்’ எனப்படும் பழுப்புப் புள்ளிகளும் வரும்.

ஆகவே அட்டைகளை டப்பாவிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். ஒட்டியவற்றைப் பிய்க்காதீர்கள், தண்ணீரிலும் போடாதீர்கள். பழைய ஆவணங்களைச் சீரமைக்கும் வல்லுநரிடம் காட்டும்வரை அப்படியே இருக்கட்டும். மற்றவற்றைத் தனித்தனியாக பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். மலிவான பிவிசி உறை வேண்டாம். அதிலிருந்து கசியும் ரசாயனம் அச்சைக் கெடுக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். ராமபாணப் பூச்சியும் அண்டாது.

மூன்றாவது, தேடுகிறவர்கள். இங்கேதான் உங்கள் பபிள்கம் படங்கள் வருகின்றன. 1987 உலகக் கோப்பையை ஒட்டிய ஆண்டுகளில் வந்த அந்தப் படங்களில் ரன்னும் விக்கெட்டும் அச்சிட்டிருந்தார்கள். சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் பரிசு. 1999-இல் பிரிட்டானியா பிஸ்கட் உறைகளில் ரன் சேர்த்ததும் இதே வழிதான். பிளேயர் அட்டை ஆல்பத்தில் ஒட்டிப் பாதுகாப்பதற்காகச் செய்தது. பிக் ஃபன் படமோ கொடுத்துத் தீர்ப்பதற்காகச் செய்தது. கடைக்காரரிடம் போகாத படங்கள் சட்டைப்பையில் கசங்கி, துணியோடு துணியாகத் துவைபட்டுப் போயின. வயதில் இளையது என்றாலும், நல்ல நிலையில் அகப்படுவது அரிது.

ஆனால் அதைத் தேடுகிறவர்கள் இன்னும் குறைவு. அதனால் இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள். விற்று முடிந்த விலை எது என்று பாருங்கள். விற்கும் எண்ணம் இல்லையென்றால் இன்னும் நல்லது. உங்கள் பள்ளித் தோழர்களிடம் விசாரியுங்கள், விடுபட்ட எண்களைச் சேருங்கள், எந்தப் படத்துக்கு எத்தனை ரன் என்று பட்டியல் எழுதுங்கள். பிளேயர் அட்டைகளின் பட்டியலை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். பபிள்கம் படங்களுக்கு அந்த வேலையை, அவற்றை மென்று சேர்த்த உங்கள் தலைமுறைதான் செய்ய வேண்டும்.