அடுக்களையில் அடர்த்தியும் அழுத்தமும்

பால்மானி என்னும் சிறு கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அதன் தரத்தை நிச்சயித்துவிடலாமென்று நம்பும் இல்லத்தரசியார், பசும்பாலின் அடர்த்தி நீரினும் சற்றே மிகுந்து சுமார் 1.03 மடங்காக இருப்பதையும், நீர் கலந்தால் அது குறைந்து கருவி ஆழ்ந்துவிடுவதையும் நன்கறிவர். ஆயினும், நீரினும் இலேசான கொழுப்பை முதலில் கடைந்தெடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி உயர்ந்துவிடும் என்பதையும், பின்னர் அளவறிந்து நீர் வார்த்தால் கருவி பழைய இடத்திலேயே நிற்கும் என்பதையும், சாமர்த்தியமுள்ள வியாபாரி அவர்களுக்கு முன்பே அறிந்திருக்கிறான்! ஆதலால், பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஏடு எவ்வளவு கனமாகப் படிகிறதென்பதையும் பார்த்துக்கொள்வது உத்தமம். கறந்த சூடு தணியாத பாலில் கருவி சிறிது ஆழ்ந்தே நிற்குமாகையால், அவசரப்பட்டுப் பால்காரர்மேல் பழி சுமத்தவும் வேண்டா.

முட்டை ஓட்டின் நுண்ணிய துவாரங்கள் வழியே நாளடைவில் ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெருகும். ஆதலால், புதிய முட்டை நீரின் அடியில் கிடையாகப் படுக்க, நாட்பட்டது நிமிர்ந்து நிற்கும். மிகப் பழையது மிதக்கும்.

குழாயில் நீர் விசையுடன் வரவேண்டுமென்று பெரிய தொட்டி கட்டுவது வீண் விரயம். அழுத்தம் நீர்மட்டத்தின் உயரத்தைப் பொறுத்ததேயன்றித் தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்ததன்று. ஒரு மீட்டர் உயர்த்தினால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிராம் எடையளவு அழுத்தம் கூடும்.

குழந்தையின் புத்தகப் பைக்கு அகன்ற பட்டை தைப்பியுங்கள்; பாரம் குறையாவிடினும், தோளில் பதியும் அழுத்தம் குறையும்.