ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: கல்லூரிப் பிள்ளை உள்ள வீட்டுக்குப் பயனுள்ள குறிப்புகள்

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு அனுப்புவது என்றுதான் பல வீடுகளில் நினைக்கிறார்கள். பி.இ., பி.எஸ்ஸி., பி.காம். படிக்கும் பிள்ளைக்கு அதைவிடச் சிறிய, கட்டுப்படியாகும் வழிகள் உண்டு. ஒரு செமஸ்டர் போய்வரலாம், ஒரு கோடையைக் கழித்துவரலாம், கடைசி ஆண்டு புராஜெக்டை அங்கே செய்யலாம். பட்டம் இங்கேயே கிடைக்கும். ஆனால் இவற்றுக்கான வேலையைக் கல்லூரியில் சேர்ந்த முதலாண்டிலேயே தொடங்க வேண்டும். அதில் பாதி வீட்டில் செய்ய வேண்டிய வேலை.

1. முதலில் கல்லூரியின் சர்வதேச உறவுகள் பிரிவுக்குப் போய், எந்தெந்தப் பல்கலைக்கழகங்களோடு மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது என்று கேளுங்கள். முறையான பரிமாற்றத்தில் கட்டணத்தை வழக்கம்போல இங்கே கட்டினால் போதும், அங்கே படிப்புக் கட்டணம் கேட்கமாட்டார்கள். தங்குமிடம், சாப்பாடு, விமானச் சீட்டு, காப்பீடு மட்டும் உங்கள் பொறுப்பு. இன்னொரு கேள்வியையும் தவறாமல் கேளுங்கள்: "இந்த ஒப்பந்தத்தில் இதுவரை யார் போய்வந்திருக்கிறார்கள்? அவர்களிடம் பேச முடியுமா?" கையெழுத்துப் போட்டுப் படம் பிடித்ததோடு நின்றுவிட்ட ஒப்பந்தங்கள் நிறைய. போய்வந்த ஒரு மாணவரிடம் அரைமணி நேரம் பேசினால், விளம்பரக் கையேட்டில் இல்லாத விஷயங்கள் தெரியவரும்.

2. எந்த செமஸ்டரில் போவது என்பதைக் காலண்டரை வைத்து முடிவு செய்யுங்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் செமஸ்டர்கள் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் தொடங்குகின்றன, ஏறக்குறைய நம்முடையவற்றைப் போலவே. ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டரோ அக்டோபரில் தொடங்கி, வகுப்பும் தேர்வுமாகப் பிப்ரவரி, மார்ச் வரை போகும். அங்கே ஒரு செமஸ்டர் படித்தால் இங்கே இரண்டு செமஸ்டர்களின் தேர்வு இடிக்கும். அதனால் பொறியியல் மாணவர்களுக்கு எட்டாவது செமஸ்டர்தான் வசதியானது. அப்போது பெரும்பாலும் புராஜெக்ட் வேலைதான் இருக்கும். அதை வெளிநாட்டு ஆய்வகத்தில் செய்துவிட்டு அறிக்கையை இங்கே சமர்ப்பிக்கலாம். கலை, அறிவியல் மாணவர்கள் ஐந்தாவது செமஸ்டருக்குக் குறிவைக்கலாம்.

3. அங்கே படிக்கும் பாடங்களுக்கு இங்கே எந்தப் பாடங்களின் கிரெடிட் கிடைக்கும் என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். துறைத்தலைவரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். "போய்ட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்ற வாய்மொழியை நம்பிப் போனால், திரும்பி வந்து அதே பாடத்தை இங்கேயும் எழுத வேண்டியிருக்கும்.

4. இரு நாட்டுப் படிப்பு என்று கல்லூரி விளம்பரம் செய்தால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளை வைத்துப் பாருங்கள். ட்வின்னிங் முறையில் பட்டத்தை இந்தியப் பல்கலைக்கழகம்தான் தரும்; மொத்த கிரெடிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டில் எடுக்கக் கூடாது. கூட்டுப் பட்டத்தில் இரு தரப்பிலும் குறைந்தது 30 சதவீதம் படிக்க வேண்டும். இரட்டைப் பட்டத்திலும் குறைந்தது 30 சதவீதம் இந்தியக் கல்வி நிறுவனத்தில் படித்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பெயர்ப் பலகையை மட்டும் வாங்கி மாட்டும் ஃபிரான்சைஸ் முறைக்கு அனுமதியே கிடையாது.

5. கோடைக்கால ஆய்வுப் பயிற்சிகளைத் தேடுங்கள். செலவில் பெரும்பகுதியை அவர்களே ஏற்கும் வாய்ப்புகள் இவற்றில்தான் அதிகம். கனடாவின் மிடாக்ஸ் குளோபலிங்க் 12 வாரப் பயிற்சி. கோடைக்குப் போக வேண்டுமானால் முந்தைய ஆண்டே விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியின் டிஏஏடி அமைப்பு நடத்தும் வைஸ் திட்டம் இந்தியப் பொறியியல், அறிவியல் மாணவர்களுக்கென்றே உள்ளது. அதற்கு ஒரு ஜெர்மன் பேராசிரியரின் சம்மதக் கடிதம் வேண்டும். உங்கள் கல்லூரிக்குத் தகுதி உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுத் தூதரகம் தரும் ஷார்பாக் உதவித்தொகையில் ஆய்வகப் பயிற்சிக்கு ஒரு பிரிவும் பரிமாற்றத்துக்கு ஒரு பிரிவும் உண்டு. தைவானின் டீப் பயிற்சித் திட்டத்தை நம் மாணவர்கள் இன்னும் அதிகம் கவனிக்கலாம். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் பொறியியல் மாணவர்கள் சிலர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குக் குறுகியகாலப் பயிற்சிக்குப் போய்வந்தார்கள். எனவே கல்லூரியின் அறிவிப்புப் பலகையையும் விடாமல் பாருங்கள்.

6. பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை எழுதுங்கள். நீங்கள் செய்த வேலை, வரக்கூடிய மாதங்கள், ஒரு பக்கத் தன்விவரம் போதும். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி எல்லோருக்கும் அனுப்பினால் படித்த உடனே தெரிந்துவிடும். பலர் பதில் போடமாட்டார்கள். மனம் தளர வேண்டாம்.

7. பெயர்தான் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரும் பெரிய சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் 'மு. கார்த்திக்' என்றிருக்கும், கடவுச்சீட்டில் இன்ஷியலை விரித்து எழுதச் சொல்வதால் 'கார்த்திக் முத்துசாமி' ஆகும், ஆதாரில் 'கார்த்திக் எம்' என்றிருக்கும். மூன்றும் ஒருவரே என்று வெளிநாட்டு அதிகாரிக்குத் தெரியாது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டாலும் தொல்லை. அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதற்பெயர் தெரியாது என்று குறித்துவிடுவார்கள். ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோருக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு விதித்தது. அதனால் கடவுச்சீட்டில் பெயரை இரண்டு பகுதியாகவே போடுங்கள். விண்ணப்பம், விமானச் சீட்டு, தேர்வுப் பதிவு எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் எழுதுங்கள். ஆதாரைத் திருத்திக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலை மாற்ற முடியாவிட்டால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி வழக்கறிஞரிடம் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள்.

8. பதினெட்டு வயது முடிந்ததும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். சாதாரண முறையில் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், பத்தாண்டு செல்லும். அவசரம் என்று தட்காலில் போனால் கூடுதலாக 2,000 ரூபாய்.

9. அரியர் வைக்காதீர்கள். பரிமாற்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கழிக்கப்படுவது அரியர் உள்ளவர்களின் பெயர்தான்.

10. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் மதிப்பெண்கள் இரண்டாண்டுகளே செல்லும். முதலாண்டில் எழுதினால் வீணாகிவிடும். குறுகியகாலப் பரிமாற்றங்களுக்குப் பல இடங்களில் 'ஆங்கில வழியில் படித்தவர்' என்ற கல்லூரிச் சான்றே போதும். கேட்டுத் தெரிந்துகொண்டு தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.

11. பணக் கணக்கை நாட்டுக்கு நாடு தனியாகப் போடுங்கள். ஜெர்மனியில் மாணவர் விசாவுக்கு முடக்கக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ, ஆண்டுக்கு 11,904. ஆறு மாதத்துக்கென்றால் 5,952 யூரோ. அது உங்கள் பணம்தான், மாதாமாதம் பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்கும். வங்கிக் கடன் எடுத்தால், 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் சொத்துப் பிணை கேட்பது வழக்கம். வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கி முன்கூட்டியே வரி பிடிக்கும். வங்கிக் கல்விக்கடனிலிருந்து அனுப்பினால் 2025 ஏப்ரல் முதல் பிடிப்பதில்லை. பிடித்த வரியை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். பகுதிநேர வேலையில் செலவைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். ஒரு செமஸ்டரில் வேலை தேடி முடிப்பதற்குள் தேர்வு வந்துவிடும்.

12. உதவித்தொகையின் பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குத் தரும் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகை இரண்டும் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலைக்கு மட்டும். எராஸ்மஸ் பிளஸ் பரிமாற்றத்தில்தான் இளங்கலை மாணவருக்கு இடம் உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க முடியாது, ஐரோப்பியக் கல்வி நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள உங்கள் கல்லூரிதான் பெயரை அனுப்ப வேண்டும். முதுகலை உதவித்தொகைகளை இப்போதே குறித்து வையுங்கள். ஒரு கோடைப் பயிற்சியும் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் அவற்றுக்குப் பெரிய பலம்.

13. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேரும் யோசனை இருந்தால் இந்தக் குறிப்பு தனி. நீட் தேர்ச்சி கட்டாயம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது. முகவர் என்ன சொன்னாலும் விதியை நீங்களே படித்துப் பாருங்கள்.

14. முகவரிடம் மூலச் சான்றிதழ்களை ஒருநாளும் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கான மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பிள்ளையிடமே இருக்கட்டும். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேரடியாகச் செலுத்துங்கள். வாடகை அறைக்கும் பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். முதலில் பல்கலைக்கழக விடுதிக்கு எழுதுங்கள்.

15. பெட்டி கட்டும்போது கசகசாவை எடுத்து வெளியே வையுங்கள். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் சேர்த்திருந்தாலும் ஆபத்துதான். துபாய் வழியாக விமானம் மாறுகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் கொண்டுபோகக் கூடாது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்பலாம். மிக்ஸியை அமெரிக்கா, கனடா, ஜப்பான், தைவானுக்குத் தூக்கிப் போக வேண்டாம். அங்கே மின்னழுத்தம் நம்முடையதில் ஏறக்குறைய பாதிதான்.

16. இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங்கைப் போட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். போய்ச் சேர்ந்ததும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்துவிட வேண்டும்.

17. மகளுக்கு இடம் கிடைத்தால், "பொம்பளைப் பிள்ளையைத் தனியா எப்படி அனுப்புறது" என்று யோசித்துச் சேர்க்கைக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். விடுதி முகவரி, பொறுப்பாசிரியரின் எண், அதே ஊரில் படிக்கும் தமிழ் மாணவர்களின் தொடர்பு எல்லாவற்றையும் முன்பே வாங்கி வையுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள், பதில் சொல்வார்கள். கேட்டுத் தெளிந்த பிறகு நம்பிக்கையோடு அனுப்பிவையுங்கள்.